ஒரு வருஷம் பொறுக்கச் சொன்ன வக்கீல்: 'மௌன ராகம்' பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு வாசகி, "எந்த வயதில் பார்த்தாலும் பிடிக்கிற காதல் படம் எது?" என்று கேட்டிருந்தார். 'மௌன ராகம்' என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். விடுவார்களா நம் வாசகர்கள்? ஆமாம் என்று சிலர், போதுமய்யா உங்கள் எண்பதுகளின் புராணம் என்று சிலர், மனசுக்குள் வைத்திருந்ததைக் கொட்டித் தீர்த்துவிட்டு கேள்வி கேட்கவே மறந்துபோனவர்கள் சிலர். அதனால் இந்த இதழில் வேறு பேச்சே கிடையாது. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த வாரம்வரை பொறுத்தருள்க.

அந்தப் படம் வந்தபோது என் அம்மாவே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாராம். பார்க்கும் முன் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
*கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

தாராளமாக. திவ்யா (ரேவதி) துறுதுறுவென்று இருக்கும் சென்னைப் பெண். காதலித்தவன் இறந்துபோன பிறகு கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவள். வீட்டு நெருக்கடியில் சந்திரகுமாருக்கு (மோகன்) கழுத்தை நீட்டி டில்லிக்குப் போகிறாள். என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் புருஷனிடம் விவாகரத்து வேண்டும் என்கிறாள். அவனும் சரி என்கிறான். சட்டம்தான் ஒரு வருஷம் பொறு என்கிறது. அந்த வருஷம்தான் படம். 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. மணிரத்னத்துக்கு ஐந்தாவது படம், தமிழில் மூன்றாவது. ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம், இசை இளையராஜா, பாடல்கள் வாலி. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இதற்குமேல் சொன்னால் பார்க்கிற சுவாரஸ்யம் போய்விடும். படத்தைப் பார்த்துவிட்டு மிச்சப் பதில்களுக்கு வாருங்கள், ஏனென்றால் முடிவுவரை எல்லாவற்றையும் கீழே போட்டு உடைத்திருக்கிறேன்.

பதினேழு வயதில் கார்த்திக்குக்காக அந்தப் படத்தைப் பார்த்தேன். அவர் சுடப்பட்டு விழுந்ததும் படம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது, அப்புறம் ஓடியதெல்லாம் மண்டையில் ஏறவே இல்லை. இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். போன மாதம் டிவியில் போட்டபோது கார்த்திக் வரும் இடத்தில் எழுந்துபோய் இட்லிக்கு ஊற வைத்துவிட்டு, மோகன் வந்ததும் வந்து உட்கார்ந்தேன். எனக்கு என்ன ஆயிற்று?
*வங்கி ஊழியை, திருச்சி*

ஒன்றும் ஆகவில்லை, உளுந்து நன்றாக ஊறியிருக்கும்.

உங்களைப் போல எழுதியவர்கள்தான் அதிகம். அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மனோகர் (கார்த்திக்) அந்தக் கதையில் முதலில் கிடையவே கிடையாது. ஒரு பெண்ணுக்குப் பிடிக்காத கல்யாணம், அதற்குப் பிறகு என்ன என்பதுதான் மணிரத்னம் எழுத ஆரம்பித்தது, முன்கதையைப் பின்னால்தான் சேர்த்தாராம். அவரே சொன்ன தகவல் இது. படத்தில் கார்த்திக் வருவது என்னவோ அரை மணி நேரம் போலத்தான், ஆனால் அந்த அரை மணி நேரம் ஒரு தனிப் படம். அதன் வேகம் வேறு, வெளிச்சம் வேறு, ரேவதியின் நடையே வேறு. பதினேழு வயதுக்காரர்கள் அந்த உள்படத்தைப் பார்த்துவிட்டு வெளிப்படத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது தலைகீழ்.

ஆனால் இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வயதானதும் மோகன் கட்சிக்கு மாறிவிட்டேன், பக்குவம் வந்துவிட்டது என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் கட்சி பிரித்துக்கொள்ள அந்தப் படம் இடம் கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவசரப்பட்டு இட்லிக்கு எழுந்து போகாதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் ரேவதி எப்படிச் சிரிக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டால்தான், டில்லியில் அதே முகம் சிரிக்காமல் இருப்பது என்னவென்று உறைக்கும். மனோகரைச் சேர்த்ததற்கு ஆயிரம் வியாபாரக் காரணம் இருந்திருக்கலாம், எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் விவாகரத்து கிடையாது என்று படத்தில் வக்கீல் சொல்வது நிஜமா? கதைக்காகச் சேர்த்ததா?
*வாசகர், சேலம்*

நிஜம்தான். இவ்வளவு கடிதங்களில் நான் தேடிக்கொண்டிருந்த கேள்வியும் இதுதான். காதல், பாட்டு, கார்த்திக் என்று எல்லாரும் பேசுகிறார்கள், அந்த வக்கீலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் படத்தின் முக்கியமான காட்சி அந்த வக்கீல் அலுவலகம்தான். நான் முதல் தடவை தியேட்டரில் பார்த்தபோது அதைப் பாதி ஜனம் கவனிக்கவே இல்லை, முறுக்கு மென்றுகொண்டிருந்தது.

1955-ம் வருட இந்து திருமணச் சட்டத்தில் 14-ம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கல்யாணமான ஒரு வருடத்துக்குள் விவாகரத்து மனுவே போட முடியாது என்கிறது. தாங்க முடியாத கொடுமை, துன்பம் என்று இருந்தால் மட்டும் நீதிமன்றம் விதிவிலக்குத் தரலாம். முதலில் அது ஒரு வருடம்கூட இல்லை, மூன்று வருடம். 1976-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் ஒன்றாகக் குறைத்தார்கள். அதே திருத்தத்தில்தான் 13பி பிரிவும் வந்தது, அதாவது இரண்டு பேரும் சேர்ந்து வந்து, எங்களுக்கு ஒத்துவரவில்லை, பிரித்துவிடுங்கள் என்று மனு போடும் வசதி. அதற்கு முன்னால் ஒருவர் மேல் இன்னொருவர் குற்றம் சொல்லித்தான் ஆக வேண்டும். சந்திரகுமார் மேல் திவ்யா என்ன குற்றம் சொல்வாள்? நல்லவனாக இருக்கிறான் என்றா?

அப்படியென்றால், இந்தக் கதையைப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் எடுத்திருக்கவே முடியாது. எடுத்திருந்தால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், அதற்கு ஒரு படம் போதாது, சீரியல்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. 13பி-யின்படி கணவனும் மனைவியும் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். படத்தில் இருவரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று ஒரு வாசகர் மடக்கியிருந்தார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் புருஷன் பெண்டாட்டியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் விளக்கியிருக்கிறது. படம் வந்து ஐந்து வருடம் கழித்து!

இப்போது வயது விஷயத்துக்கு வருகிறேன். இருபது வயதில் அந்த ஒரு வருஷம் என்று கேட்டதும் ஐயோ என்றிருக்கும். பிடிக்காத ஆளோடு ஒரு வருஷமா! ஜெயில் மாதிரி. அதே காட்சியை நாற்பத்தைந்தில் பார்க்கிறவருக்கு, ஒரு வருஷத்தில் என்ன தெரிந்துவிடும் என்று தோன்றும். ஒரே வீட்டில் பல் தேய்த்து, காய்ச்சலில் படுத்து, கேஸ் தீர்ந்து, சண்டை போட்டு ஓய்ந்த பிறகும் எதிராளியைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரியவரும் என்பது அவருக்குத் தெரியும். வக்கீல் சொன்ன கெடு மாறவில்லை. நமக்குத்தான் ஒரு வருஷம் என்பதன் நீளம் குறைந்துகொண்டே வருகிறது.

கிளாசிக் கிளாசிக் என்கிறீர்கள். எனக்கு 23 வயது. மனோகர் செய்வதற்குப் பெயர் காதலா? பின்னாலேயே சுற்றுகிறான், ஓட்டலில் அவள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குகிறான். கடைசியில் திவ்யா புருஷன் காலடிக்கே வந்து சேர்கிறாள். இதைத்தான் எல்லா வயதிலும் போற்ற வேண்டுமா?
*மென்பொருள் பொறியாளர், பெங்களூரு*

போற்ற வேண்டாம், பாருங்கள் போதும்.

உங்கள் கேள்வியின் முதல் பாதியில் உங்களோடு சண்டைக்கு வர மாட்டேன். அந்த 'மிஸ்டர் சந்திரமௌலி' காட்சியில் அரங்கமே சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். இப்போது அதைப் பார்க்கும்போது என் கண் கார்த்திக்கிடம் போவதில்லை, ரேவதியிடம் போகிறது. அப்பா எந்த நிமிஷம் இந்தப் பக்கம் பார்ப்பாரோ என்று அந்தப் பெண் நாற்காலிக்குள் ஒடுங்கிக்கொள்வதைப் பாருங்கள். பயமும் இருக்கிறது, அடக்க முடியாத சிரிப்பும் இருக்கிறது. இரண்டையும் ஒரே முகத்தில் காட்டிவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் அந்தக் காட்சி நீங்கள் சொல்கிற தொந்தரவு மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ படங்கள் தொந்தரவை எடுத்துக்கொண்டன, பெண்ணின் முகத்தை விட்டுவிட்டன. அந்தப் பாவத்தில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

இரண்டாம் பாதியில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. காலடி என்கிறீர்கள். நீ தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று கட்டிய புருஷனிடம் நேருக்கு நேர் சொல்கிற கதாநாயகி அதற்கு முன் தமிழில் எத்தனை பேர்? சொன்னதற்கு அவளுக்குத் தண்டனை எதுவும் கிடைப்பதில்லை. அவன் அடிக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை, மாமனாருக்குத் தந்தி கொடுக்கவில்லை. விலகிப் போய்விடுகிறான். அப்புறம் தொழிற்சங்கத் தகராறில் அவன் தாக்கப்பட்டு, அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, அவள் மனசு மாறிய பிறகு அவன் முறுக்கிக்கொள்கிறான் பாருங்கள், அங்கேதான் அந்த உத்தமனுக்கும் கொஞ்சம் அழுக்கு ஒட்டுகிறது. ஆரம்பத்தில் அவன் கொடுக்க நினைத்த கொலுசை அவள் கேட்கிறாள். அவனோ விவாகரத்துக் காகிதத்தை நீட்டுகிறான். நீ கேட்ட பரிசு இதுதானே என்று. இளம் வயதில் இதைப் பார்த்தபோது 'அப்படிப் போடு' என்றிருந்தது. இப்போது அது சின்னத்தனமாகத் தெரிகிறது, அதனாலேயே அவன் நம்பும்படியான மனிதனாகவும் தெரிகிறான்.

கடைசியில் மனசைத் திறந்து பேசுவது அவள்தான். உனக்கு ஈகோ, எனக்கு அது இல்லை என்று கொட்டிவிட்டு, கிழித்த காகிதத்தை அவனிடம் கொடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்புகிறாள். ஸ்டேஷனுக்கு மூச்சிரைக்க ஓடுவது யார்? நீங்கள் சொல்கிற காலடிக் கணக்கில் இது எந்தப் பக்கம் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 35 வயதில் மறுபடி பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அதையும் பிரசுரிக்கிறேன்.

ரேவதிக்கு அப்போது என்ன வயது?
*வாசகி, காரைக்குடி*

1966 ஜூலையில் பிறந்தவர். படம் வந்தபோது இருபது முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எடுத்தபோது இன்னும் குறைவு. அக்கா மாதிரி என்று நினைத்துப் பார்த்த எங்களுக்கு இப்போது அது மகள் வயது.

மூன்று பெண்களைப் பெற்றவன் நான். பெண் பார்க்க வருகிற அந்தப் பகுதியை முன்பெல்லாம் ரசித்துச் சிரித்தேன். இப்போது பார்க்கவே பிடிக்கவில்லை. ஏன்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி*

ஐயா, அந்த அப்பாவின் நாற்காலிக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள், வேறென்ன.

மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்தே மழையில் ஆடிவிட்டு நேரம் கழித்து வருகிறாள் திவ்யா. அதற்குள் போயிருப்பார்கள் என்று நினைப்பு. சந்திரகுமார் உட்கார்ந்தே இருக்கிறான். அவனிடம் தன் குறைகளை அடுக்குகிறாள், அவனுக்கு அந்த நேர்மையே பிடித்துப்போகிறது. சிரிப்பு வருகிற இடம்தான். ஆனால் அப்புறம் நடப்பதை யோசியுங்கள். வாக்குவாதம், அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஒத்துக்கொள்ளடி என்று அம்மாவின் கெஞ்சல். அத்தனை ரகளை செய்கிற பெண்ணை அந்த நெஞ்சுவலி ஒரே நாளில் மடக்கிவிடுகிறது. யாரும் வில்லன் இல்லை. எல்லாரும் அவள் நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். நம் வீடுகளில் எத்தனை கல்யாணம் இப்படி ஒரு ரத்த அழுத்த மாத்திரையின் பேரில் முடிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே நெஞ்சு வலிக்கும்.

அப்பாவாக நடித்தவர் ரா.சங்கரன், அவரே ஒரு இயக்குநர். 2023 டிசம்பரில் காலமானார். 'மிஸ்டர் சந்திரமௌலி' என்று ஊரே அழைத்த அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து 2018-ல் ஒரு படமும் வந்தது, கார்த்திக்கும் அவர் மகன் கௌதமும் நடித்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பெயர் கிண்டலாகவே நின்றுவிட்டது. அந்த அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்ததை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? நீங்கள் வைத்திருக்கிறீர்கள்.

மோகனின் குரல் அவருடையதே இல்லை என்று சமீபத்தில்தான் தெரிந்தது. இத்தனை வருடம் ரசித்தது வீணா?
*வாசகி, கும்பகோணம்*

எஸ்.என்.சுரேந்தர் குரல் அது. மோகனின் பெரும்பாலான படங்களுக்கு அவர்தான் பேசினார். பாட்டு என்றால் எஸ்.பி.பி. ஆக, முகம் ஒருவர், பேச்சு ஒருவர், பாட்டு ஒருவர் என்று மூன்று பேரை ஒரே நேரத்தில் ரசித்திருக்கிறீர்கள். லாபம்தானே!

'மன்றம் வந்த தென்றலுக்கு' பாட்டை ஹிந்தியில் கேட்ட மாதிரி இருக்கிறதே, பிரமையா?
*வாசகர், புதுச்சேரி*

பிரமை இல்லை. 2007-ல் பால்கி இயக்கிய 'சீனி கம்' படத்தின் தலைப்புப் பாட்டு அந்த மெட்டுதான். போட்டவர் இளையராஜாவேதான். ஒளிப்பதிவும் பி.சி.ஸ்ரீராமேதான். அதிலும் கதை என்ன தெரியுமா? 64 வயதுச் சமையல்காரர் அமிதாப் பச்சனுக்கும் 34 வயது தபுவுக்கும் காதல். 'மௌன ராக'த்தில் அதே மெட்டு, புதிதாகக் கல்யாணமாகி ஒட்டாமல் இருக்கிற ஜோடிக்கு நடுவே, கிடைக்காததைக் கேட்கிற குரலாக இருந்தது. இருபத்தோரு வருடம் கழித்து, அதே ராஜா அதே மெட்டை எடுத்து ஒரு கிழவனின் குறும்புக்குக் கொடுத்திருக்கிறார். படம் பார்த்தவர்கள்தான் வயதாகி மாறுகிறோம் என்றில்லை, மெட்டும் வயதாகி வேறு வேலைக்குப் போயிருக்கிறது. எனக்குத் தமிழில் எஸ்.பி.பி. பாடியதுதான் உசத்தி. சண்டைக்கு வருபவர்கள் வரிசையில் வரவும்.

போனில் பார்த்தேன். பாதிக் காட்சி இருட்டாக இருக்கிறது. பிரின்ட் சரியில்லையா?
*வாசகர், ஓசூர்*

கொஞ்சம் பிரின்ட், கொஞ்சம் உங்கள் போன், மிச்சம் பி.சி.ஸ்ரீராம். வீட்டுக்குள் எல்லா மூலையிலும் விளக்கைப் போட்டு எடுத்த படங்களைப் பார்த்துப் பழகிய காலத்தில், ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் போதும் என்று முடிவு செய்தவர் அவர். டில்லி வீட்டின் உள்பக்கம் எடுத்ததெல்லாம் சென்னையில்தான், ஆனால் அந்த வெளிச்சத்தில் குளிர் தெரியும். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவியில் போட்டுப் பாருங்கள். பஸ்ஸில் போகும்போது பார்க்கிற படம் இல்லை இது.

அம்மாவும் நானும் சேர்ந்து 'மௌன ராகம்' பார்த்தோம். படம் முடிந்ததும் அம்மா வெகுநேரம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்து இருவரும் பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்.
*வாசகி, மதுரை*

1980-ல் மகேந்திரன் எடுத்த 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'. சுஹாசினிக்கு முதல் படம். அங்கேயும் பழைய காதலோடு இன்னொருவரைக் கல்யாணம் செய்துகொள்கிற பெண், அங்கேயும் ஒட்டாத தாம்பத்தியம். ஒரே வித்தியாசம், அதில் புருஷன் பிரதாப் போத்தன், பழைய காதலன் மோகன்! ஆறு வருடத்தில் அதே ஆள் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மோகனை நாம் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறோம் என்று தெரியும். அதற்கடுத்து 1981-ல் வந்த பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்'. அதன் முடிவில் தாலியை வைத்து ஒரு வாதம் வரும், அங்கே அம்மாவுக்கும் உங்களுக்கும் நிச்சயம் சண்டை வரும். பேசாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். காபியைப் போட்டு வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.